பதற்றத்துக்கும் கவனத்துக்கும் காளான் கேப்சூல்: இரண்டைச் சேர்த்து எடுக்க நினைப்பவர்களுக்கு

படபடப்பும் கவனச் சிதறலும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். ராத்திரி தூக்கம் பிடிக்காது. காலையில் உட்கார்ந்தால் ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கும். இந்த நிலையில் இருப்பவரின் கைபேசியில் இப்போது தவறாமல் வந்து நிற்பது காளான் கேப்சூல் விளம்பரம். காலையில் லயன்ஸ் மேன், இரவில் ரெய்ஷி, நடுவில் கார்டிசெப்ஸ் காபி, எல்லாவற்றுக்கும் மேலே பத்துக் காளான் கலந்த ‘கம்ப்ளீட்’ டப்பா ஒன்று. எதை எதோடு சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். பத்துக் காளான் டப்பா வேண்டவே வேண்டாம். கீழே நான் சொல்லப்போகும் மனித ஆய்வுகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு காளானைக் கொடுத்துப் பார்த்தவை. ‘இரண்டும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பு’ என்பது விற்பவர் சொல்லும் கதை. ஆக, சேர்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் உடம்பில் நீங்களேதான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். அதை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாங்குவதற்கு முன்

முதல் வேலை, படபடப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ரத்தசோகை இருந்தாலும் பி12 குறைந்தாலும் மூளை மந்தமாகத்தான் இருக்கும். ஒரு டப்பா காளான் வாங்கும் காசில் இந்த மூன்று ரத்தப் பரிசோதனையையும் பெரும்பாலும் முடித்துவிடலாம். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி குடிப்பவர் முதலில் அதை இரண்டாகக் குறைத்துப் பார்க்கட்டும். நிறையப் பேருக்குப் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்து, ஜிஏடி-7 என்ற கேள்வித்தாளைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது, தமிழிலும் கிடைக்கிறது. ஏழே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தது, கவலையை நிறுத்த முடியாமல் போனது என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் காளானை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பத்துக்குக் கீழே வந்தால் அந்த எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். வாழ்க்கையே வேண்டாம் என்கிற எண்ணம் தலைகாட்டினால் எந்த மதிப்பெண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுபவர்கள், காளான் தொடங்கிய கையோடு அதை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வரும் தலைச்சுற்றலும் எரிச்சலும் தூக்கமின்மையும் பழைய பதற்றத்தைவிட மோசமாக இருக்கலாம்.

வேறு மருந்து எடுப்பவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ரெய்ஷி ஆகாது, ரத்தக் கசிவு கூடலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் காளான்களால் அளவு இன்னும் கீழே இறங்க வாய்ப்புண்டு. சிறுநீரக மாற்று அறுவை செய்து டாக்ரோலிமஸ் போன்ற நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், சாதாரணக் காளான் குழம்பு சாப்பிட்டாலே அரிப்பு வருபவர்கள் ஆகியோருக்கு என் பதில் ஒன்றுதான்: மருத்துவர் சரி என்று சொல்லாமல் தொடாதீர்கள். ‘இயற்கைதானே’ என்பது இங்கே செல்லாது. உடம்பில் ஒன்றுமே செய்யாத பொருளாக இருந்தால் அதை வாங்குவானேன்?

எது எதற்கு

கவனத்துக்கு என்று வந்தால் பேச வேண்டிய காளான் லயன்ஸ் மேன்தான். வெள்ளையாக, சடை சடையாக மரத்திலிருந்து தொங்கும். ஜப்பானில் யாமபுஷிடாகே என்பார்கள், சீனாவில் குரங்குத் தலைக் காளான். அங்கெல்லாம் இது முதலில் சமையல் பொருள், பிறகுதான் மருந்து. ஜப்பானிய வேதியியலாளர் ஹிரோகாசு கவாகிஷியின் குழு 1990களில் இதிலிருந்து ஹெரிசினோன், எரினாசின் என்ற இரண்டு வகைப் பொருள்களைப் பிரித்தெடுத்தது. நரம்பு செல்களை வளர்க்கும் புரதம் ஒன்று சுரப்பதை இவை ஆய்வகத்தில் தூண்டின. இன்றைய விளம்பரங்களில் வரும் ‘மூளை வளர்ச்சி’ என்பதெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். ஆனால் ஆய்வகத் தட்டில் நடந்தது மண்டைக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மனிதர்களிடம் நடந்தது என்ன? 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 50 முதல் 80 வயது வரையுள்ள, லேசான மறதி இருந்த 30 பேரில் பாதிப் பேருக்கு லயன்ஸ் மேன் மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் 16 வாரம் கொடுத்தார்கள். காளான் எடுத்தவர்களின் நினைவாற்றல் மதிப்பெண் படிப்படியாக ஏறியது. நிறுத்தி நாலு வாரத்தில் மறுபடி இறங்கிவிட்டது. அளவைக் கவனியுங்கள். 250 மி.கி. மாத்திரை, வேளைக்கு நாலு, நாளைக்கு மூன்று வேளை. பன்னிரண்டு மாத்திரை, மொத்தம் 3 கிராம். காலையில் ஒரு கேப்சூல் போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்.

2010இல் வந்த இன்னொரு ஜப்பானிய ஆய்வு எனக்குப் பிடித்தது. மாத்திரைக்குப் பதில் காளான் பொடி கலந்த பிஸ்கட்டை 30 பெண்களிடம் நாலு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், நாளைக்கு 2 கிராம் பொடி போகும்படி. மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது. எரிச்சலும் பதற்றமும் குறையும் பக்கம் சாய்ந்தன.

2023இல் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் 18 முதல் 45 வயது வரையிலான ஆரோக்கியமான 41 பேரிடம் நாளைக்கு 1.8 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிவைத்து மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. முதல் வேளை மருந்து எடுத்து ஒரு மணி நேரத்தில் அந்தச் சோதனையில் வேகம் கூடியது. 28 நாள் கழித்து மன அழுத்தம் குறைவதற்கான சாயல் தெரிந்தது, சாயல் மட்டும்தான். மற்ற பல சோதனைகளில் ஒன்றும் மாறவில்லை. இவ்வளவுதான் சரக்கு. நம்பிக்கை தருகிறது; ஆனால் சின்னச் சின்ன ஆய்வுகள்.

ரெய்ஷி வேறு ரகம். கானோடெர்மா, லிங்ஷி என்ற பெயர்களிலும் விற்கும். கட்டை போல இருக்கும், வாயில் வைத்தால் குமட்டும் கசப்பு. மனசை அமைதிப்படுத்தும், தூக்கம் வரவைக்கும் என்று சீன மருத்துவத்தில் பெயர். பெயர் அளவுக்கு ஆதாரம் இல்லை. பதற்றத்துக்குப் பக்கத்தில் வரும் ஆய்வு என்றால் 2005இல் வெளியானது. களைப்பும் எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்த நரம்புத் தளர்ச்சிக்காக 132 சீன நோயாளிகளிடம் எட்டு வாரம் நடந்தது, நாளைக்கு 5.4 கிராம் சாறுப்பொடி. ரெய்ஷி எடுத்தவர்களுக்குக் களைப்பு 28.3 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 20.1 சதவீதம் குறைந்தது! அந்த இரண்டாவது எண்ணை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காளானே இல்லாமல், நம்பிக்கையும் நாள் போக்கும் சேர்ந்தே அவ்வளவு வேலை செய்யும்.

கார்டிசெப்ஸ் பதற்றத்துக்கானது அல்ல. உடல் களைப்புக்கும் மூச்சு வாங்குவதற்கும் எடுப்பது. இமயமலையில், உத்தராகண்டிலும் நேபாளத்திலும் புழுவின் மேல் முளைக்கும் யார்சாகும்பா கிலோ லட்சக்கணக்கில் போகிறது. உங்கள் கேப்சூலில் இருப்பது அது அல்ல, பெரும்பாலும் ஆய்வக டப்பாக்களில் ஆரஞ்சு நிறத்தில் வளரும் அதன் உறவுக்காரக் காளானான மிலிடாரிஸ். அதில் தவறில்லை, டப்பாவில் இமயமலைப் படம் போடுவதுதான் தவறு. சிலருக்கு இது சுறுசுறுப்பைக் கூட்டி, கூடவே படபடப்பையும் கூட்டும். பதற்றக்காரர்கள் தவிர்த்துவிடுங்கள்.

சாகா என்ற காளான் வேண்டாம். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் இதில் அதிகம். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவர் நாளைக்கு நாலைந்து டீஸ்பூன் சாகா பொடியை ஆறு மாதம் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட விவரம் 2014இல் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். டர்க்கி டெயில் என்ற காளானிலிருந்து எடுத்த ஒரு பொருள் ஜப்பானில் 1977இல் புற்றுநோய் சிகிச்சைக்குத் துணை மருந்தாக அனுமதி பெற்றது, நம் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆக, இரண்டு என்றால் பகலில் லயன்ஸ் மேன், இரவில் ரெய்ஷி. ரெய்ஷி ஆகாதவர்களுக்கு லயன்ஸ் மேன் மட்டும் போதும்.

இந்த வரிசையில் சேராதவை

இணையத்தில் காளான் ‘ஸ்டாக்’ என்று தேடினால் பால் ஸ்டாமெட்ஸ் என்ற அமெரிக்கக் காளான் ஆய்வாளர் பிரபலப்படுத்திய சேர்க்கை முதலில் வந்து நிற்கும்: லயன்ஸ் மேன், நியாசின் என்ற பி வைட்டமின், கூடவே சைலோசைபின். கடைசியில் சொன்னது போதை தரும் காளானில் இருப்பது, கொடைக்கானல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் அதே சமாச்சாரம். இந்தியாவில் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கீழ் வருகிறது. நாம் பேசும் காளான்கள் எதிலும் போதை கிடையாது. எதையாவது எடுத்து மயக்கமாகவோ உருவங்கள் தெரிவது போலவோ இருந்தால் அது வேறு சரக்கு. அமெரிக்காவில் 2024இல் காளான் சாக்லேட் ஒன்றைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். சோதித்தபோது அதில் மஸ்கிமால் என்ற நச்சுக் காளான் பொருளும் பிரிகாபலின் என்ற மருந்தும் இருந்தன. சாக்லேட், கம்மி வடிவத்தில் ‘மைக்ரோடோஸ்’ என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். தென்னை அடிமரத்தில் அடுக்கடுக்காகச் செம்பழுப்பில் முளைக்கிறதே, அதுவும் கானோடெர்மா குடும்பம்தான். 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் வாங்கிய நோயைத் தருவது. ‘ரெய்ஷி ஓசியில் கிடைக்கிறது’ என்று அதை உடைத்துக் கஷாயம் வைக்காதீர்கள். கடையில் விற்கும் இனம்தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மரத்துக்கு வேர் வழியாகப் பூஞ்சணக்கொல்லியும் மயில்துத்தமும் கொடுத்திருக்க வாய்ப்பும் உண்டு.

டப்பாவின் பின்பக்கம்

காசு வீணாவதும் மிச்சமாவதும் இங்கேதான். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், டப்பாவைத் திருப்புங்கள்.

முதலில், காளானா இழையா என்று பாருங்கள். காளான் பண்ணைக்குப் போனவர்கள் சோளத்தில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்த வித்துப் பாக்கெட்டைப் பார்த்திருப்பார்கள். காளான் முளைப்பதற்கு முன்னாலேயே அதே மாதிரி தானியத்தோடு சேர்த்துக் காயவைத்து அரைத்துக் கேப்சூலில் அடைத்தால் அதற்குப் பெயர் ‘மைசீலியம்’ பொடி. அதில் கணிசமான பங்கு அரிசி மாவோ ஓட்ஸ் மாவோதான். இழையே உதவாது என்று சொல்லவில்லை. லயன்ஸ் மேனில் எரினாசின் இருப்பது இழையில்தான். தைவானில் 2020இல் வெளியான ஆய்வு ஒன்று எரினாசின் செறிவூட்டிய இழையைத்தான் 49 வாரம் கொடுத்துப் பார்த்தது. ஆனால் எரினாசின் அளவை மி.கி.யில் எழுதித் தரும் டப்பா அபூர்வம். எழுதாத வரை அது மாவு என்றே வைத்துக்கொண்டு, ‘ஃப்ரூட்டிங் பாடி’ (முளைத்து வந்த முழுக் காளான்) என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள்.

இரண்டாவது, பீட்டா குளுக்கான். காளானில் இருக்கும் ஒருவகை நார்ச்சத்து இது; தரத்துக்கு இதுதான் அளவுகோல். ‘பாலிசாக்கரைடு 40 சதவீதம்’ என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான், அரிசி மாவுக்கும் அந்தக் கணக்கில் நல்ல மதிப்பெண் வரும். பீட்டா குளுக்கான் எத்தனை சதவீதம் என்று தனியாக எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது, பொடியா சாறா. காளானின் செல் சுவர் கைட்டின் என்ற கெட்டிப் பொருளால் ஆனது, இறால் ஓட்டில் இருப்பதுதான். பச்சையாக அரைத்த பொடி அவ்வளவு சுலபமாகச் செரிக்காது. வெந்நீரில் காய்ச்சி எடுத்தால் பீட்டா குளுக்கான் வெளியே வரும். ரெய்ஷியின் கசப்புக்குக் காரணமான ட்ரைடெர்பீன்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அவற்றுக்குச் சாராயம் வேண்டும். அதனால்தான் ரெய்ஷிக்கு மட்டும் ‘டூயல் எக்ஸ்ட்ராக்ட்’ என்று தேடச் சொல்கிறேன். லயன்ஸ் மேனுக்கு வெந்நீர்ச் சாறோ, நன்றாகச் சூடுபடுத்திய பொடியோ போதும். 8:1, 10:1 என்ற விகிதங்களை வைத்து ‘500 மி.கி. சாறு 5 கிராம் காளானுக்குச் சமம்’ என்று கணக்குப் போட்டிருப்பார்கள். பத்துக் கிலோவைக் காய்ச்சி ஒரு கிலோ எடுத்தார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எந்தப் பொருள் எவ்வளவு மிஞ்சியது என்பதை அது சொல்லாது.

நாலாவது, சிறு கணக்கு. பத்துக் காளான் கலந்த டப்பாவில் ஒரு வேளைக்கு மொத்தம் 1,000 மி.கி. என்று இருந்தால் சராசரியாக ஒவ்வொன்றும் 100 மி.கி. ஆய்வுகளில் லயன்ஸ் மேன் 1,800 முதல் 3,000 மி.கி. வரை கொடுத்தார்கள். ‘ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்’ என்று எழுதித் தனித்தனி அளவைத் தராவிட்டால் அந்த 100கூட உறுதியில்லை. தனி டப்பாவிலும் இதே கணக்கைப் போடுங்கள். 500 மி.கி. கேப்சூல் 60 என்றால் மொத்தம் 30 கிராம். நாளைக்கு 3 கிராம் வீதம் பத்தே நாளில் காலி. டப்பா 1,200 ரூபாய் என்றால் மாதம் 3,600. இதைக் கட்டுப்படியாகும் என்று நினைப்பவர் மட்டும் மேலே படிக்கலாம். லயன்ஸ் மேனைப் பச்சைக் காளானாகவே இப்போது சில பண்ணைகள் விற்கின்றன. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் 30 கிராம் பச்சைக் காளான் ஏறத்தாழ 3 கிராம் பொடிக்கு ஈடு. வெண்ணெயில் வதக்கி மிளகு தூவினால் நண்டுச் சதை மாதிரி இருக்கும். கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் கேப்சூலுக்கு ஏன் போக வேண்டும் என்பது எனக்குப் புரிவதில்லை.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விற்பதென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். காளான் மண்ணிலும் கட்டையிலும் இருக்கும் ஈயம், காட்மியம், ஆர்செனிக் போன்றவற்றை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அந்த பேட்ச்சுக்கான ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தராத கம்பெனி வேண்டாம். சைவம் பார்ப்பவர்கள் பச்சைப் புள்ளியைத் தேடுங்கள், கேப்சூல் உறை ஜெலட்டினாக இருக்கலாம். தெரிந்தவர், உறவுக்காரர் மூலம் சங்கிலி வியாபாரத்தில் வரும் கானோடெர்மா காபிக்கும் இதே கேள்விகள்தான். மாமா விற்கிறார் என்பதற்காகப் பீட்டா குளுக்கான் கூடிவிடாது. அந்தக் காபியைக் குடித்துச் சுறுசுறுப்பு வந்தால் முதலில் காஃபீனைச் சந்தேகப்படுங்கள்.

2017இல் அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷி பொருள்களைச் சோதித்தபோது லேபிளுக்குப் பொருத்தமாக இருந்தவை ஐந்து மட்டும்தான். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு சோதனை செய்துபாருங்கள். கேப்சூலைப் பிரித்து, பொடியை இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மருந்துக் கடையில் புண்ணுக்கு வாங்கும் போவிடோன் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். கரைசல் கருநீலமாக மாறினால் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பழுப்பாகவே நின்றால் நல்லது, ஆனால் அது முழுச் சான்றிதழ் அல்ல. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான நிரப்புப் பொருள் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது. ரெய்ஷிக்கு இன்னும் எளிய வழி, வேறொரு கேப்சூலைப் பிரித்து நாக்கில் துளி வைப்பது. கசக்க வேண்டும். மாவு மாதிரி இனித்தால் ஏமாந்தீர்கள். அயோடின் விட்டதைக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்க வேண்டாம்.

தொடங்கும் முறை

முதல் வாரம் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துத் தினமும் இரவு மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: இன்றைய படபடப்பு பத்துக்கு எத்தனை, இடையில் எழாமல் எத்தனை நிமிடம் ஒரே வேலையில் உட்கார முடிந்தது, நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன். பக்கத்தில் எத்தனை காபி என்று ஒரு கோடு. மாதவிடாய் நாள்கள், தேர்வு, அலுவலகக் கெடு போன்றவற்றையும் ஓரத்தில் குறியுங்கள். இல்லாவிட்டால் நல்ல வாரத்தின் பெருமையெல்லாம் காளானுக்குப் போய்விடும்.

இரண்டாவது வாரம் லயன்ஸ் மேன் 500 மி.கி., காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் சிலருக்குப் புரட்டும். ஒன்றும் செய்யவில்லை என்றால் மூன்றாவது வாரம் 1 கிராம். பிறகு காலையும் மதியமுமாகப் பிரித்து 2 கிராம் வரை போகலாம். இதெல்லாம் பொடிக்கான அளவு. சாறு என்றால் லேபிளில் உள்ள அளவில் பாதியில் தொடங்கி, அதைத் தாண்டாதீர்கள். 2 கிராமை நாலு வாரம் மாற்றாமல் வைத்திருங்கள். இந்தச் சமயத்தில் புது யோகா வகுப்பு, புது வைட்டமின், அஸ்வகந்தா எதுவும் வேண்டாம், அவை நல்லவையாகவே இருந்தாலும். எது வேலை செய்தது என்று பிறகு எப்படித் தெரியும்? சிலருக்கு லயன்ஸ் மேனே படபடப்பைக் கூட்டுவதாகச் சொல்கிறார்கள். நோட்டில் எண் தொடர்ந்து ஏறினால் அளவைக் குறைக்காதீர்கள், நிறுத்திவிடுங்கள்.

நாலு வாரம் முடிந்ததும் ஜிஏடி-7ஐ மறுபடி எழுதுங்கள். அதன் பிறகு, தேவை இருந்தால் மட்டும், ரெய்ஷி. தூக்கம் ஏற்கெனவே சரியாகிவிட்டவருக்கு ரெய்ஷி எதற்கு? தேவைப்படுபவர்கள் டப்பாவில் போட்டிருக்கும் அளவில் பாதியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாரம், பிறகு முழு அளவு மூன்று வாரம். லயன்ஸ் மேன் அளவு அப்படியே இருக்கட்டும். முதல் சில நாள் எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறதா என்று பாருங்கள், ரத்த அழுத்தக் கருவி வீட்டில் இருந்தால் அளந்து எழுதுங்கள். மது அருந்தும் நாளில் ரெய்ஷி வேண்டாம். தூக்க மாத்திரையோடும் வேண்டாம்.

இதற்கு அடுத்த கட்டத்தைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது லயன்ஸ் மேனை மட்டும் நாலு வாரம் நிறுத்துங்கள், ரெய்ஷியைத் தொடருங்கள். ஜப்பானிய ஆய்வில் நிறுத்திய நாலு வாரத்தில் மதிப்பெண் இறங்கியது நினைவிருக்கிறதா? உங்கள் நோட்டில் கவன நிமிடங்கள் இறங்கினால் அது ஏதோ செய்திருக்கிறது, மறுபடி தொடங்குங்கள். ஒன்றும் அசையவில்லை என்றால் அடுத்த டப்பாவை வாங்காதீர்கள். பிறகு ரெய்ஷிக்கும் அதே போல. வீட்டில் யாராவது உதவினால் இன்னும் நல்லது: எந்த வாரம் கேப்சூலில் காளான், எந்த வாரம் வெறும் அரிசி மாவு என்பது அவருக்கு மட்டும் தெரியட்டும். காலிக் கேப்சூல் இணையத்தில் கிடைக்கிறது. அந்த 20.1 சதவீதத்தை வெல்ல இதைவிட நேர்மையான வழி வீட்டில் கிடையாது.

நிறுத்த வேண்டிய நேரம்

தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பல் தேய்க்கும்போது ரத்தம், காரணமில்லாமல் கன்றிப்போதல், மூக்கில் ரத்தம் ஆகியவை ரெய்ஷியைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள். கல்லீரலையும் மறக்கக் கூடாது. ஹாங்காங்கிலிருந்து 2004இலும் தாய்லாந்திலிருந்து 2007இலும் ரெய்ஷிப் பொடி எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பழுதான அறிக்கைகள் வந்தன, தாய்லாந்தில் உயிரே போயிற்று. அரிதானவைதான். ஆனாலும் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ அடுத்த வேளை போட வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு மேல் தொடர்பவர்கள் கல்லீரல், சிறுநீரகச் சோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால் இரண்டு வாரம் முன்பே இரண்டையும் நிறுத்திவிட்டு, எடுத்துக்கொண்டிருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். பெயரைச் சொல்லி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வையுங்கள், பின்பக்கம் அவரைப் பார்க்கும்படி.